வடிகால் வேலை முடிகிறது, அடுத்தது சாலை: நடைபாதையும் பூங்காவும் இப்போதே கேட்பது எப்படி?

ஓரம்போ | சனி, காலை 6.48

எங்கள் ஏரியா 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பழைய பஞ்சாயத்துப் பகுதி. ஊர்ப் பெயர் வேண்டாம், இங்கே எழுதினால் அங்கே தெரிந்துவிடும். பிரதான சாலையில் மழைநீர் வடிகால் வேலை கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கான்கிரீட் வடிகால் கட்டி மேலே மூடியாயிற்று. அடுத்தது தார் போடுவார்கள்.

நேற்று பக்கத்துத் தெருப் பையன்களைக் கூட்டிக்கொண்டு அளவு நாடாவோடு போனேன். சுவருக்குச் சுவர் 15 மீட்டர், சில இடங்களில் 14. வடிகால் மூடியின் அகலம் 1.2 மீட்டர். "அதுதான் சார் பிளாட்பாரம்" என்கிறார் மேஸ்திரி. அந்த 1.2 மீட்டரில் என்னவெல்லாம் நிற்கிறது என்று எழுதிக்கொண்டோம்: டிரான்ஸ்ஃபார்மர், மின்வாரிய பில்லர் பாக்ஸ், கட்சிக் கொடிக்கம்பங்கள், ஒரு பிள்ளையார், வீட்டுக்கு வீடு கேட்டுக்கு முன்னால் சிமென்ட் சரிவு. ரேஷன் கடைக்கு எதிரே மூடியைத் தூக்குவதற்கான இரும்புக் கொக்கி மடக்காமல் நீட்டிக்கொண்டிருக்கிறது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பாட்டியின் புடவை அதில் மாட்டியது.

ஆகவே எல்லோரும் தார் ரோட்டில்தான் நடக்கிறார்கள். பள்ளி விடும் நேரத்தில் தண்ணீர் லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவே புகுந்து சைக்கிள்கள் போகின்றன.

சாலை வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். ஆறுதல் வேண்டாம், யோசனை வேண்டும். யாரிடம், எந்தக் கட்டத்தில், என்னவென்று கேட்பது? பக்கத்தில் பூங்கா என்று ஒன்றும் கிடையாது. அதையும் சேர்த்துக் கேட்கலாமா, இல்லை இரண்டையும் கேட்டால் இரண்டும் போய்விடுமா?

மொட்டைமாடி | சனி, காலை 7.30

மனு கொடுத்தால் ரசீது கிடைக்கும். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா சொல்லவில்லை. மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கை போட்டது. நாட்டிலேயே முதல் நகரம் என்று பேப்பரில் எல்லாம் வந்தது. 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை, போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும், நடந்து போகிறவர்கள் சாவு பூஜ்ஜியம் என்று இலக்கு. கெடு தாண்டி எத்தனை வருடம் ஆகிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் மேஸ்திரிக்கு அப்படி ஒரு கொள்கை இருப்பதே தெரியாது, அவர் மேல் தப்பும் இல்லை.

அப்படியே பிளாட்பாரம் போட்டாலும் மறுநாளே அதில் புல்லட் நிற்கும்.

ஓய்வுபெற்ற ஏ.இ. | சனி, காலை 9.05

தம்பி ஓரம்போ, அளந்துகொண்டு வந்ததற்கே பாராட்டு. நான் வேறொரு மாநகராட்சியில் சாலைப் பிரிவில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கே கோட்டை விடுகிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஜனங்கள் எங்களிடம் வருவது எப்போதும் இரண்டு நேரத்தில்தான். ஒன்று, ஜல்லி கொட்டிய பிறகு. இரண்டு, சாலை போட்டு முடித்த பிறகு. இரண்டுமே தாமதம். ஒரு சாலைக்கு முதலில் வார்டு பொறியாளர் எஸ்டிமேட் போடுவார். அது மண்டலச் செயற்பொறியாளரிடம் போகும், தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, அப்புறம் டெண்டர், அப்புறம் ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் என்ன ஐட்டம் இருக்கிறதோ அதற்குத்தான் பில். "கர்ப் கல், அதாவது நடைபாதை விளிம்புக் கல், சேர்த்துப் போடுங்களேன்" என்று நீங்கள் வேலை நடக்கும்போது கேட்டால், அந்த இளம் பொறியாளர் தலையாட்டுவார், செய்ய மாட்டார். அவருக்கு நல்ல மனசு இல்லை என்பதல்ல. எஸ்டிமேட்டில் இல்லாததைச் செய்தால் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதே ஐட்டம் எஸ்டிமேட்டில் இருந்துவிட்டால், செய்யாமல் விட்டதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

அதனால் நீங்கள் திங்கட்கிழமை கேட்க வேண்டிய முதல் கேள்வி "நடைபாதை போடுவீர்களா" என்பதல்ல. "இந்தச் சாலைக்கு எஸ்டிமேட் எந்த மேஜையில் இருக்கிறது" என்பது.

மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குப் போன் செய்வதை விடாதீர்கள், ஆனால் அது பராமரிப்புக்கு. அந்தக் கொக்கியை மடக்க 1913. சாலை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்க அது வழியில்லை. அங்கே கேட்டால் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வரும்.

அப்புறம் அந்த 1.2 மீட்டர். இந்தியச் சாலைக் கழகத்தின் ஐ.ஆர்.சி. 103 என்று ஒரு வழிகாட்டி இருக்கிறது, நடப்பவர்களுக்கான வசதிகளுக்கென்றே உள்ளது. தடை எதுவும் இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். கடைத்தெருவில் அதற்கும் மேல். உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வடிகால் மூடி என்பது நடைபாதையின் ஒரு பகுதியாக இருக்கலாம், அதுவே நடைபாதை ஆகாது. பொறியாளர்களுக்கு இது தெரியும். தெரிந்தவரிடம் தெரிந்தமாதிரி கேட்டால் பேச்சு வேறுமாதிரி போகும்.

ஓரம்போ | சனி, காலை 9.40

சார், ரொம்ப நன்றி. இதை யாரும் இப்படிச் சொன்னதில்லை. 15 மீட்டரில் இரண்டு பக்கமும் நடைபாதை கேட்டால் "ரோடு குறுகிவிடும்" என்பார்கள். அதற்கு என்ன பதில்?

ஓய்வுபெற்ற ஏ.இ. | சனி, காலை 10.12

கணக்கே பதில். போக ஒரு தடம், வர ஒரு தடம். பஸ் போகும் சாலை என்றால் தடத்துக்கு 3.5 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 7. மிச்சம் 8 மீட்டர். ஒரு பக்கத்துக்கு 4. அதில் சுவரை ஒட்டி நடக்க 2 மீட்டர் விட்டால்கூட, அதற்கு வெளியே இன்னொரு 2 மீட்டர் இருக்கிறது. மரம், மின்கம்பம், பில்லர் பாக்ஸ், பஸ் நிறுத்தம், வண்டி நிறுத்தம் எல்லாம் அந்தப் பட்டையில் வர வேண்டும். உங்கள் சாலையில் அந்த 2 மீட்டரை இப்போது நிற்கும் வண்டிகளே தின்றுகொண்டிருக்கும், போய்ப் பாருங்கள். ஓடும் வண்டிக்கு இன்றைக்கும் 7 மீட்டர்தான் கிடைக்கிறது. சாலை குறுகவில்லை. ஏற்கெனவே எவ்வளவு குறுகலோ அதைக் கோடு போட்டுக் காட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, மில்லிங். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் ஒவ்வொரு தடவையும் சாலை உயரும். நடைபாதை தரையோடு தரையாகிவிடும், வீடுகள் பள்ளமாகும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலரே உத்தரவு போட்டார். எஸ்டிமேட்டில் மில்லிங் ஐட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சக்கரம் | சனி, மதியம் 12.20

நான் சக்கர நாற்காலியில் போகிறவள். ஏ.இ. சார் சொன்ன 1.8 மீட்டர் சரி. அகலம் இருந்தும் நான் ஏற முடியாத நடைபாதை நிறைய இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கேட் சரிவுதான் பெரிய வில்லன். ஒவ்வொரு வீட்டுக்காரரும் கார் ஏற வேண்டுமென்று நடைபாதையை வெட்டிச் சரிவாக்குகிறார். பத்து வீடு தாண்டுவதற்குள் பத்து ஏற்றம், பத்து இறக்கம், அதுவும் பக்கவாட்டில் சாய்ந்து. கைக்குழந்தைக்காரியின் தள்ளுவண்டிக்கும் அதே கதி. நடைபாதை ஒரே மட்டத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சரிவு வெளி விளிம்பில், சார் சொன்ன மரம், கம்பம் வரும் வெளிப்பட்டைக்குள் முடிந்துவிட வேண்டும். ஏறி இறங்க வேண்டியது வண்டி, நான் இல்லை. தெருமுனையிலும் அப்படியே: சந்து வந்து சேரும் இடத்தில் நடைபாதை மட்டத்துக்குச் சாலையை உயர்த்தினால் நான் இறங்கவே வேண்டாம், வண்டியும் தானாக மெதுவாகும்.

முனையில் சரிவு வைப்பதாக இருந்தால் 12-க்கு 1 என்ற வாட்டம். 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளம் வேண்டும். 40 சென்டிமீட்டரில் ஒரு செங்குத்துச் சிமென்ட் பூசிவிட்டு "ராம்ப் வைத்திருக்கிறோம் மேடம்" என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

பைக் ஏறாமல் இருக்கக் குட்டைத் தூண் நடுவார்கள். நல்லது. இரண்டு தூணுக்கு நடுவே ஒரு மீட்டருக்குக் குறையாமல் விடச் சொல்லுங்கள். பல இடங்களில் பைக் நுழைகிறது, நான் நுழைய முடியவில்லை. எப்படி என்று கேட்காதீர்கள், பைக் ஓட்டுகிறவர் வண்டியைச் சாய்த்துக்கொள்கிறார்.

மளிகை | சனி, மதியம் 1.55

எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறீர்கள். கடைக்காரன் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்.

எனக்கும் இதேமாதிரி ஒரு சாலையில் கடை. வாடிக்கையாளர் பைக்கை நிறுத்தி, இறங்காமலேயே "அண்ணாச்சி, அரை லிட்டர் எண்ணெய்" என்று கேட்கிறவர்கள். முன்னால் கல் நட்டுவிட்டால் அவர்கள் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள். சரக்கு வண்டி காலையில் வந்தால் மூட்டை இறக்க அரை மணி ஆகும், அதை எங்கே நிறுத்துவது? எங்கள் பக்கம் நடைபாதை போடுகிறேன் என்று பல மாதம் தோண்டிப்போட்டார்கள். அந்த நஷ்டத்தை யாரும் தரவில்லை. அதனால்தான் எங்கள் சங்கத்தில் நடைபாதை என்ற சொல்லைக் கேட்டாலே எதிர்க்கிறோம். நடைபாதையை அகலமாக்கிய பாண்டி பஜாரை உதாரணம் காட்டாதீர்கள். அது தி.நகர், எங்கிருந்தெல்லாமோ ஜனம் வருகிறது.

டைனமோ | சனி, மாலை 4.10

அண்ணாச்சி சொல்வதில் தோண்டிப்போட்ட விஷயம் முழுக்க நியாயம். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறு பக்கம் தோண்ட வேண்டும், கடை வாசலுக்குப் பலகை போட வேண்டும் என்பதையும் மனுவில் சேர்க்கலாம்.

ஆனால் பாண்டி பஜாரை அப்படி ஒதுக்கிவிட முடியாது. அங்கேயும் வியாபாரிகள் பயந்தார்கள். அதனால் எடுத்த எடுப்பிலேயே கல் நடவில்லை, முதலில் தடுப்பு வைத்துச் சோதனை நடத்தினார்கள். 2019 நவம்பரில்தான் நடைபாதை வளாகமாகத் திறந்தார்கள். அதற்கு முன்பே, 2013-ல், நடைபாதைக் கடைக்காரர்களைப் பக்கத்தில் அடுக்குக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அந்த மாற்றத்தில் அவர்களுக்கு நடந்தது நல்லதா என்பது தனி விவாதம், எனக்கு அதில் மனக்குறை உண்டு. நான் சொல்ல வருவது, ஒரு ஞாயிறு காலை தடுப்பு வைத்துப் பார்ப்பதற்குச் செலவு கிடையாது என்பதுதான்.

சைக்கிளுக்கு வருகிறேன். ஓரம்போ, சைக்கிள் பாதை என்று தனியாகக் கேட்காதீர்கள். சைக்கிள்காரனே இப்படிச் சொல்கிறானே என்று பார்க்க வேண்டாம். 15 மீட்டர் சாலையில் தனிப் பாதைக்கு இடம் இல்லை. வெள்ளைக்கோடு போட்டுச் சைக்கிள் படம் வரைந்தால் அதில் கார் நிற்கும். ஓஎம்ஆர் மாதிரி அகலச் சாலையில் கல் தடுப்போடு தனிப் பாதை கேட்க வேண்டும். உங்கள் சாலையில் கேட்க வேண்டியது வேகக் குறைப்பு. சக்கரம் அக்கா சொன்னமாதிரி சாலையை உயர்த்திய கடவு, அதாவது நடந்து கடக்கும் இடம், பள்ளி வாசலில் ஒன்று, ரேஷன் கடை முன்னால் ஒன்று. வண்டி 30-க்கு மேல் போகாவிட்டால் சைக்கிள் அதனோடேயே போகும்.

யாருக்காகக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். நானும் விடிகாலையில் ஈசிஆரில் ஹெல்மெட், கண்ணாடி சகிதம் போகிறவன்தான். எங்களை வைத்து மனு எழுதினால் கவுன்சிலர் சிரிப்பார். உங்கள் சாலையில் சைக்கிளில் போவது யார்? ராத்திரி டியூட்டி முடித்து வரும் வாட்ச்மேன், கேனில் டீ விற்பவர், கட்டட வேலைக்குப் போகிற வடமாநிலத் தம்பிகள், அப்புறம் பிளஸ் ஒன் பிள்ளைகள். அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைக்கு அரசே சைக்கிள் தருகிறது. சைக்கிளைக் கொடுத்த அரசு, அது ஓட இடத்தையும் கொடுக்க வேண்டாமா? இந்த ஒரு வரி போதும், எந்தக் கட்சிக் கவுன்சிலரும் மறுக்க மாட்டார். ஏனென்றால் எந்தக் கட்சி ஆட்சியிலும் அந்தத் திட்டம் நின்றதில்லை.

கமலி | சனி, மாலை 5.35

டைனமோ சொன்னதோடு ஒன்று. எங்கள் அம்மா புதுக்கோட்டைக்காரர். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டவர். அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். மாவட்டம் முழுக்கப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு, குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு. ஊரில் கேலி பேசியவர்கள் கொஞ்ச நாளில் ஓய்ந்துவிட்டார்கள்.

அதே அம்மா சென்னைக்கு என்னோடு வந்த பிறகு சைக்கிளைத் தொடவில்லை. "இந்த ரோட்டுல யாரு ஓட்டுறது" என்கிறார். கோவிலுக்கு அரை கிலோமீட்டர், அதற்கும் ஆட்டோ. கிராமத்தில் கிடைத்த சுதந்திரம் பட்டணத்தில் பறிபோயிருக்கிறது. இதை மனுவில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, ஆனால் சொல்லத் தோன்றியது.

இன்னொன்று, விளக்கு. சாலை விளக்கு மரக்கிளைக்கு மேலே இருக்கிறது, வெளிச்சம் இலைமேல் விழுகிறது, நடைபாதை இருட்டு. நடைபாதைக்கென்று தாழ்வான கம்பத்தில் விளக்கு கேளுங்கள். இல்லையென்றால் ஏழு மணிக்கு மேல் எந்தப் பெண்ணும் அதில் நடக்க மாட்டாள், சாலை நடுவில்தான் நடப்பாள்.

வேப்பமரம் | சனி, இரவு 8.02

பூங்காவைப் பற்றி யாரும் பேசவில்லை. அதற்குத் தனியாகக் கேளுங்கள், சாலை மனுவோடு சேர்க்காதீர்கள். அலுவலகம் வேறு, கோப்பு வேறு.

"எங்கள் பகுதியில் பூங்கா இல்லை" என்று எழுதினால் "இடம் இல்லை" என்று பதில் வரும். அங்கே முடிந்துவிடும். இடம் பெரும்பாலும் இருக்கும். காகிதத்தில் இருக்கும். சட்டப்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் அடுக்குமாடியோ மனைப்பிரிவோ வந்தால் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு. 10,000 சதுர மீட்டர் வரை, இடமாகத் தர முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். அதற்கு மேல் போனால் பணம் கட்டித் தப்பிக்க முடியாது, நிலத்தையே தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள்.

உங்கள் பகுதியில் கடந்த இருபது வருடத்தில் எத்தனை பெரிய குடியிருப்புகள் வந்தன என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த 10 சதவீதம் எங்கே? எங்கள் பகுதியில் ஒன்றில் நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் "குடியிருப்போருக்கு மட்டும்" என்று பலகை மாட்டிப் பிள்ளைகள் ஊஞ்சல் வைத்திருந்தார்கள். இன்னொன்றில் கார்கள். இரண்டும் பொதுச் சொத்து.

கண்டுபிடிக்க வழி: பத்திரப் பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே எண் போட்டு வில்லங்கம் பாருங்கள். உள்ளாட்சிக்குத் தானம் எழுதியிருந்தால் அதில் பதிவு தெரியும். பிறகு பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமையில் இரண்டே கேள்வி: அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், வார்டில் தானமாகப் பெற்ற திறந்தவெளி நிலங்களின் பட்டியல். "ஏன் பராமரிக்கவில்லை" என்று கேட்காதீர்கள். "ஏன்" என்பது தகவல் அல்ல என்று திருப்பி அனுப்புவார்கள். ஆவணத்தை மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் வரவில்லையென்றால் மேல்முறையீடு.

எங்களுக்கு முதலில் கிடைத்த பட்டியலில் ஒரு நிலம் குப்பை வண்டி நிறுத்துமிடமாக இருந்தது. வண்டிக்கு வேறு இடம் தேடிக் கொடுத்த பிறகுதான் அது பூங்காவாயிற்று. பெரிதாக ஒன்றுமில்லை. புங்கமரம், நாலு பெஞ்சு, சுற்றி நடக்க ஒரு தடம். ஆனால் வாசலுக்கு வாசல் தெரிந்த முகம்.

மொட்டைமாடி | சனி, இரவு 8.25

கிண்டி ரேஸ் கோர்ஸை 2024-ல் அரசு கையகப்படுத்தி 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா என்று அறிவித்திருக்கிறதே, அது போதாதா?

வேப்பமரம் | சனி, இரவு 8.51

நல்ல விஷயம்தான், நான் எதிர்க்கவில்லை. 1945-ல் 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த நிலம் ஊருக்குத் திரும்புகிறது, அதில் மழைநீர் தேங்கக் குளமும் வெட்டினார்கள். வேளச்சேரி பக்கம் வெள்ளம் வாங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் பெரிய பூங்கா வேறு, தெருப் பூங்கா வேறு. செம்மொழிப் பூங்காவுக்கோ கதீட்ரல் சாலையில் 2024-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவுக்கோ டிக்கெட் எடுத்து, பஸ் பிடித்துப் போக வேண்டும். மாதம் ஒரு முறை போகலாம். சாயங்காலம் முட்டி வலிக்காரர் நடக்க, பிள்ளைகள் பந்து உதைக்க, நடந்து போகும் தூரத்தில் காசில்லாத இடம் வேண்டும். மயிலாப்பூர்க்காரர்களுக்கு நாகேஸ்வரராவ் பூங்கா எப்படியோ அப்படி.

இருப்பதையும் கவனிக்க வேண்டும். ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவை மெட்ரோ வேலைக்காக 2011-ல் மூடினார்கள். திரும்பத் திறக்க 2023 ஆயிற்று. அன்றைக்குப் பிறந்த பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டது. இப்போது இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காக எங்கெல்லாம் பூங்காவையும் நடைபாதையையும் எடுத்திருக்கிறார்களோ, அங்கெல்லாம் திருப்பித் தரும்போது எந்த வரைபடப்படி தருவார்கள் என்று இப்போதே கேட்டு வாங்க வேண்டும்.

மட்டுறுத்துநர் | சனி, இரவு 9.15

இடையில் இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கவுன்சிலர் பெயர், போன் எண் எல்லாம் இங்கே வேண்டாம். கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது.

கோவைக்காரன் | ஞாயிறு, காலை 7.20

எங்க ஊர் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு வந்து பாருங்க. சுமார் இரண்டரை கிலோமீட்டர் சுற்று, மர நிழல், கிழவர் முதல் குழந்தை வரை நடக்கிறார்கள். உக்கடம் பெரியகுளக் கரையிலும் நடைபாதை வந்திருக்கிறது.

பெருமையைச் சொல்லியாயிற்று, இனி குறை. காலையில் நடப்பதற்காகவே நிறையப் பேர் அங்கே காரில் வருகிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் நடக்க முடியாது, அதனால்தான். நடைபாதை உடற்பயிற்சிக்கு என்று நினைக்கிற வரை இப்படித்தான். பால் வாங்க, பஸ் பிடிக்க நடக்கிறவனுக்குத்தான் அது முதலில் வேண்டும்.

ஓய்வுபெற்ற ஏ.இ. | ஞாயிறு, காலை 8.00

கோவைக்காரர் சரியாகச் சொன்னார். மனுவில் பஸ் நிறுத்தத்தைச் சேருங்கள். பஸ்ஸில் போகிறவர் ஒவ்வொருவரும் இரண்டு முனையிலும் நடக்கிறவர். பஸ் பயணிகள் எண்ணிக்கையைச் சொன்னால், "நடக்க யார் இருக்கிறார்கள்" என்ற கேள்வி எழாது.

மொட்டைமாடி தம்பிக்கும் ஒரு வார்த்தை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடைபாதை வாழ்வுரிமையில் அடங்கும், அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு என்று சொல்லியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் போகிறமாதிரி இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. தீர்ப்பைக் காட்டி மிரட்ட வேண்டாம். மனுவோடு ஒரு பக்கம் இணைத்துவிடுங்கள். நல்லது செய்ய நினைக்கிற பொறியாளருக்கு மேலதிகாரியிடம் காட்ட ஒரு காகிதம் தேவைப்படும். எனக்குப் பல தடவை தேவைப்பட்டது, கையில் இல்லை.

2022-ல் ஒரே வருடத்தில் நாடு முழுக்கச் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். இது மத்திய அரசின் அறிக்கையிலேயே உள்ள எண்.

மளிகை | ஞாயிறு, காலை 11.30

ராத்திரி யோசித்தேன். காலை 7 முதல் 9 வரை சரக்கு இறக்க அந்த வெளிப்பட்டையில் இடம், கடைவரிசைக்கு இத்தனை பைக் நிறுத்தம் என்று வரைபடத்திலேயே குறித்துக் கொடுத்தால் எங்கள் சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன். வாக்குக் கொடுக்கவில்லை. பேசிப் பார்க்கிறேன்.

கடை முன்னால் பூக்கார அம்மா ஒருவர் இருக்கிறார், அவரை எடுக்கச் சொல்ல மாட்டேன். அவர் வந்தால்தான் சாயங்காலக் கூட்டமே.

டைனமோ | ஞாயிறு, மதியம் 12.05

அண்ணாச்சி, பூக்கார அம்மாவை எடுக்கவும் கூடாது. 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு இருக்கிறது, அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே உறுப்பினர். கணக்கெடுத்து, இடம் ஒதுக்காமல் யாரையும் விரட்ட முடியாது. அந்த 2 மீட்டர்ப் பட்டையில் மரத்தடியில் அவருக்கும் இடம் குறிக்கலாம். நடக்கிற 2 மீட்டர் மட்டும் காலியாக இருந்தால் போதும்.

ஓரம்போ | ஞாயிறு, மாலை 6.40

எல்லோரும் சொன்னதை வைத்து ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வார்டுக்குள் மக்கள் கூடும் பகுதி சபாவில் படித்துக் கொடுத்து, பதிவேட்டில் தீர்மானமாக ஏற்றச் சொல்லப் போகிறோம். 2022-ல் இந்தச் சபாக்கள் வந்ததிலிருந்து எங்கள் பகுதியில் தெருவிளக்கும் குப்பையும் மட்டும்தான் பேசியிருக்கிறார்கள். நகல் வார்டு பொறியாளருக்கும் மண்டலச் செயற்பொறியாளருக்கும்.

முக்கிய வாசகம்: "மேற்படி சாலைக்கான மதிப்பீட்டில் ஐ.ஆர்.சி. 103-இன்படி இருபுறமும் தடையற்ற 2 மீட்டர் அகலமும் 150 மி.மீ.க்கு மிகாத உயரமும் கொண்ட தொடர் நடைபாதை, கேட் சரிவுகள் வெளிப்பட்டைக்குள் மட்டும், பள்ளி மற்றும் ரேஷன் கடை முன்பு உயர்த்திய கடவு, தாழ்கம்ப விளக்கு, சரக்கு இறக்கவும், இருசக்கர வாகனம் நிறுத்தவும், தெரு வியாபாரிகளுக்கும் குறிக்கப்பட்ட இடம், தார் போடுமுன் மில்லிங், ஒரு பக்கம் முடித்த பின் மறு பக்கம் ஆகியவற்றைச் சேர்த்து, டெண்டருக்கு முன் குறுக்குவெட்டு வரைபடத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கக் கோருகிறோம்."

பூங்காவுக்கு வேப்பமரம் சொன்னபடி தனியாகத் தகவல் உரிமை மனு. சர்வே எண்களைப் பையன்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கொக்கிக்கு 1913-ல் சொல்லியாயிற்று.

சக்கரம் | ஞாயிறு, இரவு 7.15

தூண்களுக்கு இடையே ஒரு மீட்டர் விட்டுப்போயிருக்கிறது. சேருங்கள்.

ஓய்வுபெற்ற ஏ.இ. | ஞாயிறு, இரவு 7.32

"தடையற்ற 2 மீட்டர் அகலமும்" என்பதற்குப் பக்கத்தில் "2.2 மீட்டர் தலைமேல் இடைவெளியும்" என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் கடைப் பெயர்ப்பலகையும் தகரக் கூரையும் நெற்றி உயரத்துக்கு இறங்கிவரும். வரைபடம் கிடைத்ததும் இங்கே போடுங்கள், அளவு சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.